ஐந்தாம் நாள், காலை 9.40 படகு

ஜூன் 8

காத்தாடிக்கு,

இன்று அழைப்பில் நான் சொல்லாமல் விட்டது இது: எனக்கு லைசென்ஸ் கிடைத்துவிட்டது. மூன்றாவது முயற்சியில். முதல் முறை வண்டியைப் பின்னால் எடுக்கும்போது கம்பத்தை இடித்தேன். இரண்டாம் முறை கம்பம் தப்பித்தது. ஆனால் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அதிகாரியை மனதுக்குள் திட்டுவதாக நினைத்துக்கொண்டு வாய்விட்டுத் திட்டிவிட்டேன். நான்கு மாதமாக, அச்சகத்துக்குக் கிளம்பும் முன் தினம் ஒரு மணி நேரம் ஓட்டிப் பழகினேன். உனக்கும் சொல்லவில்லை, இங்கேயே இருக்கும் நம் டீச்சருக்கும் சொல்லவில்லை. இன்று சொல்வதற்காக அந்த அட்டையை மேசைமேல், கேமராவில் விழாத இடத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பேச்சு வண்டிப் பக்கம் வரட்டும் என்று காத்திருந்தேன். வந்தது. நீ சொன்னாய்:

"ரெண்டாவது டிரைவர் கவலை தீர்ந்துச்சுடி. பிசியோ வர்றா!"

உன்னோடு வீட்டைப் பகிர்ந்துகொள்ளும் அந்தப் பெண் உன் தோளுக்கு மேலாகத் தலையை நீட்டி, "ஹலோ அக்கா" என்றாள். டீச்சர் ஆரஞ்சு உரித்துக்கொண்டே, "அப்பாடா, இனிமே என் முதுகு பிடிச்சா வண்டியிலயே வைத்தியம்" என்றாள். எல்லோரும் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். அட்டையை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

விடுதியில் ஒரே அறையில் இருந்த நாம் மூன்று பேர், நீ இப்போது இருக்கும் நாட்டைச் சுற்றிப் பதினோரு நாள், ஒரே வண்டியில். அதுதான் பேச்சு. இரண்டு வருடமாக ஒரு நோட்டு முழுக்க எழுதி வைத்திருக்கிறேன். எந்தச் சாலையில் எந்த மாதம் மரங்கள் நிறம் மாறும் என்பதுவரை அதில் இருக்கிறது. நான்காவது ஆளைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை.

இன்னொன்று. அவள் உன்னை "காத்து" என்று கூப்பிடுகிறாள். காத்தாடி என்று பெயர் வைத்தவள் நான். அதில் பாதியை வெட்ட அவளுக்கு யார் அனுமதி கொடுத்தது? என்னை எதற்கு அக்கா என்கிறாள்? எங்களுக்குள் ஏழு மாதம்தான் வித்தியாசம்.

கோபம் என்றால் எழுத வேண்டும், வாயைத் திறக்கக் கூடாது. எழுதியதைப் போனில் பேசக் கூடாது என்று விடுதியில் ஒப்பந்தம் போட்டோம். அதனால் எழுதுகிறேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அழைப்பில் வழக்கம்போல் பேசுவேன்.

அட்டவணை

*

ஜூன் 21

அடியே அட்டவணை,

உன் கடிதத்தைப் பல் செட் லேபில் வைத்துப் பிரித்தேன். லைசென்ஸ் என்ற வரியைப் படித்ததும் நான் போட்ட கத்தலில் பக்கத்து மேசைக்காரர் கையிலிருந்த மெழுகுப் பல் கீழே விழுந்து மூக்குடைந்தது. பல்லுக்கு ஏது மூக்கு என்று திருத்த வராதே.

ஆனால் லைசென்ஸ் வாங்கி ஒரு வருடம் ஆகியிருந்தால்தான் இங்கே வாடகை வண்டியைத் தொடவிடுவார்கள். நீ அன்றைக்கே சொல்லியிருந்தாலும் இரண்டாவது டிரைவர் பிசியோதான். நீ சொல்லியிருந்தால் நான் அன்றைக்கே கத்தியிருப்பேன், அவ்வளவுதான். அந்தச் சந்தோஷத்தைப் பன்னிரண்டு நாள் தபாலில் போட்டு அனுப்பியிருக்கிறாய்.

'தோளுக்கு மேலாகத் தலையை நீட்டினாள்' என்று எழுதியிருக்கிறாய். அது அவள் அறைடி. எங்கள் வீட்டில் சிக்னல் அங்கேதான் ஒழுங்காக வரும். ஞாயிறு தவறாமல் தலையை நீட்டுவது நான்தான். அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருப்பாள், உங்களுக்குத் தெரியாது.

ஒன்று சொல்ல வேண்டும். திட்டுவாய். நான் இங்கே வந்த முதல் குளிர்காலத்தில், "காய்ச்சல், நாலு நாளா பேச முடியல" என்று சொன்னேனே, அது காய்ச்சல் இல்லை. குடல்வால் வெடிக்கும் நிலைக்குப் போய், ஆம்புலன்ஸில் தூக்கிப்போனார்கள். அறுவை சிகிச்சை. அப்போது பிசியோ இந்த வீட்டுக்கு வந்து ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது. என் பெயரைக்கூடச் சரியாகச் சொல்லத் தெரியாது. ஆஸ்பத்திரியில் "யார் நீங்க?" என்று கேட்டதற்கு, "தங்கச்சி" என்று கையெழுத்துப் போட்டாள். இரண்டு வாரம் என் செருப்பை அவள்தான் மாட்டிவிட்டாள். உங்களிடம் சொல்லாதது, நீங்கள் அங்கே உட்கார்ந்து அழுவீர்கள், அதைப் பார்த்து நான் இங்கே அழுவேன், தையல் பிரியும் என்றுதான்.

அவள் இந்தப் பயணத்துக்கு ஒரு திட்டம் போட்டிருக்கிறாள். இத்தோடு வைத்திருக்கிறேன். "உங்க ஃப்ரெண்டு புரூஃப் பாக்கறவங்கதானே, அவங்க ஒருதடவை பாத்துட்டா எனக்கு நிம்மதி" என்றாள். பார்த்துக் கொடு. அவளுக்காக வேண்டாம், எனக்காக.

காத்தாடி

*

ஜூலை 4

காத்தாடி,

உன் அம்மாவுக்காவது தெரியுமா?

அந்த நான்கு நாளும் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று பழைய டைரியை எடுத்துப் பார்த்தேன். ஆறாம் வகுப்பு அறிவியல், மூன்றாம் புரூஃப். டீச்சரோடு ஒரு சினிமா. இடைவேளையில் உனக்குச் செய்தி அனுப்பி, பதில் இல்லை என்று டீச்சரிடம் குறைபட்டிருக்கிறேன்: "அங்க போனதும் கொம்பு முளைச்சிருச்சு." எழுதி வைத்திருக்கிறேன், தேதியோடு. உனக்கு வயிற்றைக் கிழித்த நாள் அது.

ஒன்பது நாள் பழகியவள் தங்கை என்று கையெழுத்துப் போட்டிருக்கிறாள். அந்த வார்த்தையை அவள் போடாமல் வேறு யார் போடுவது, நான்தான் அங்கே இல்லையே. இது எனக்குப் புரிகிறது. புரிவதால் ஒன்றும் குறையவில்லை.

திட்டத்தைப் பார்த்துவிட்டேன். அச்சகத்தில் எதையும் ஒருவர் தனியாகப் பார்ப்பதில்லை. எதிர் மேசை அண்ணன் மூலத்தை உரக்கப் படிப்பார், நான் அச்சைப் பார்ப்பேன். இதை மட்டும் நான் தனியாகப் பார்த்தேன், மதிய இடைவேளையில், எல்லோரும் சாப்பிடப் போன பிறகு. மின்விசிறியில் தாள்கள் பறக்காமல் இருக்க டிபன் பாக்ஸை மேலே வைத்துக்கொண்டு.

முப்பத்தொரு திருத்தம். ஊர்ப் பெயர்களில் ஒன்பது எழுத்துப் பிழை. இரண்டாம் நாள் தூரத்தைக் கூட்டியதில் நாற்பது கிலோமீட்டர் குறைகிறது. ஏழாம் நாள் வெள்ளி என்று போட்டிருக்கிறாள், அது சனி. அந்த அருங்காட்சியகம் சனிக்கிழமை மதியத்தோடு மூடிவிடும். எட்டாம் நாள் விடுதி அறையில் இரண்டு கட்டில்தான் இருக்கிறது, நான்கு பேர்.

டீச்சர் முதுகுக்காக ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தம் குறித்திருக்கிறாள். அங்கே செய்ய வேண்டிய பயிற்சியைப் படம் வரைந்து காட்டியிருக்கிறாள். நல்ல திட்டம். மோசமாக இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் 'சரி பார்த்தேன்' என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

அட்டவணை

*

ஜூலை 17

அட்டவணை,

பிசியோ உன் தாள்களைச் சமையலறைச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறாள். "அக்காவுக்கு இருக்கறது கண்ணா, எக்ஸ்ரேவா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். உன் கையெழுத்து வந்துவிட்டதால் அறைகளையெல்லாம் பதிவு செய்துவிட்டோம். "அக்கா பாத்துட்டாங்க, இனிமே கண்ணை மூடிட்டுப் போலாம்" என்கிறாள்.

இப்போது என் முறை. எனக்கும் கோபம் இருக்கிறது.

போன டிசம்பரில் உன் நோட்டைப் படம் பிடித்து அனுப்பினாயே, எழுபத்திரண்டு பக்கம், எல்லாவற்றையும் படித்தேன். எந்த ஏரிக்கரையில் நின்று எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று இருந்தது. எந்தக் கடையில் ரொட்டி நன்றாக இருக்கும் என்று இருந்தது. அந்தக் கடை மூடி ஒரு வருடம் ஆகிறது, தினமும் நான் அதைத் தாண்டித்தான் வேலைக்குப் போகிறேன். நீ புத்தகத்தில் படித்த நாட்டை, அதில் மூன்று வருடமாக வாடகை வீட்டில் இருப்பவளுக்குப் பாடம் எடுத்திருக்கிறாய். எழுபத்திரண்டு பக்கத்தில் என்னைப் பற்றி ஒரே சொல்தான் இருந்தது. 'ஓட்டுவாள்.'

அதனால்தான் பிசியோவைத் திட்டம் போடச் சொன்னேன். அவள் என்னைக் கேட்டாள். "உனக்கு எந்த இடத்துல வண்டியை நிறுத்திட்டு சும்மா நிக்கணும்னு தோணும்?" என்று கேட்டாள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நீயும் டீச்சரும் வாரம் தவறாமல் பார்த்துக்கொள்கிறீர்கள். அழைப்பில் திடீரென்று இரண்டு பேரும் சிரிக்கிறீர்கள். எதுக்குடி என்று கேட்டால், "ஒண்ணுமில்ல, நேத்து நடந்தது" என்கிறீர்கள். என்னுடைய நேற்றில் நீங்கள் யாரும் இல்லை. அவள்தான் இருக்கிறாள்.

பொறாமையா உனக்கு? கேட்டுவிட்டேன். பதிலை எழுது.

காத்தாடி

*

ஜூலை 30

காத்தாடி,

பொறாமைதான். கௌரவமான வேறு சொல் கிடைக்குமா என்று இரண்டு நாள் தேடினேன். தொழிலே அதுதான் என்றாலும் கிடைக்கவில்லை.

நோட்டைப் பற்றி நீ சொன்னது சரி. எழுதும்போது உன் அருகில் உட்கார்ந்து எழுதுவதாகத்தான் நினைத்தேன். உன்னிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை என்பது இப்போதுதான் தெரிகிறது.

இதைவிட மோசமான ஒன்றை இன்று எழுதியாக வேண்டும். தாளில் முப்பத்திரண்டாவது பிழையும் இருந்தது.

ஐந்தாம் நாள், காலை 9.40 படகு. வண்டியோடு ஏறி ஏரியைக் கடந்து அக்கரை ஊரில் தங்குவதாகத் திட்டம். அவள் எடுத்திருப்பது கோடைக்கால நேரப் பட்டியல். படகுக் கம்பெனியின் இணையதளத்தில் அந்த நேரத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன நட்சத்திரக் குறி இருக்கிறது. அடியில், கண்ணை இடுக்கினால் தெரியும் எழுத்தில், செப்டம்பர் 30 வரை மட்டும் என்று இருக்கிறது. நாம் அங்கே போவது அக்டோபர் ஒன்பதாம் தேதி. படகு கிடையாது. ஏரியைச் சுற்றிப் போனால் முந்நூற்று நாற்பது கிலோமீட்டர், ஒரு நாள் போய்விடும்.

எனக்கு முதல் வாசிப்பிலேயே தெரிந்துவிட்டது. அடிக்குறிப்பைத் தேடிப் படிப்பதுதான் என் பிழைப்பு. சிவப்புப் பேனாவை அந்த வரியில் வைத்தேன். பிறகு எடுத்துவிட்டேன். அந்தப் பக்கத்தின் அடியிலும் 'சரி பார்த்தேன்' என்று எழுதினேன். எதிர் மேசை அண்ணனைப் படிக்கச் சொல்லாததும் அதனால்தான். அவர் குரலில் அந்த வரியைக் கேட்டிருந்தால் என்னால் தாண்டியிருக்க முடியாது.

என்ன நினைத்து விட்டேன் என்றும் சொல்கிறேன். ஆளில்லாத படகுத்துறையில் வண்டி நிற்கிறது. டிக்கெட் ஜன்னலில் பலகை. நீ அவளைத் திரும்பிப் பார்த்து, "என்னடி இது, பாக்கலையா?" என்கிறாய். அவள் முகம் சிறுத்துப் போகிறது. அப்போது நான் பின் இருக்கையிலிருந்து, குரலை உயர்த்தாமல், "பரவாயில்ல, என் நோட்டுல இன்னொரு வழி இருக்கு" என்கிறேன். இந்தக் காட்சியை எத்தனை முறை ஓட்டிப் பார்த்தேன் என்று கேட்காதே. பஸ்ஸில் நின்றுகொண்டே ஓட்டியிருக்கிறேன்.

அந்த நாளுக்கு எதிரே அவள் எழுதியிருந்ததைக் கவனித்தாயா? 'முன் இருக்கை: அட்டவணை அக்கா (ஏரி பார்க்க ஆசை).' நீதான் சொல்லியிருப்பாய். பிழையைத் திருத்தத்தான் பேனாவை எடுத்தேன், இந்த வரியைப் பார்த்த பிறகுதான் கீழே வைத்தேன். என் ஏரியை அவள் எடுத்து எனக்குத் தருவதா என்று இருந்தது.

அவளிடம் சொல். அல்லது நான் சொல்கிறேன். எப்படி என்று மட்டும் எழுது.

அட்டவணை

*

ஆகஸ்ட் 12

அட்டவணை,

உன் கடிதத்தைப் படித்து முடித்தபோது எனக்குக் கோபம் வரவில்லை. சிரிப்பு வந்தது, அதற்கப்புறம் பயமாக இருந்தது. ஏனென்றால் எனக்கும் தெரியும்.

நான் இங்கே இருக்கிறவள்டி. செப்டம்பரோடு அந்தப் படகை நிறுத்திவிடுவார்கள் என்று எங்கள் லேபில் தரை துடைக்க வருகிறவருக்குக்கூடத் தெரியும். அவள் திட்டத்தைக் காட்டிய அன்றைக்கே பார்த்தேன். "இது இருக்காதே" என்று வாய்வரை வந்தது. அப்போதுதான் அவள், "உங்க ஃப்ரெண்டு பாக்கட்டும்" என்றாள். சரி, அட்டவணை கண்ணுக்கு இது தப்பாது, அவள் சொல்கிறாளா பார்ப்போம் என்று விட்டுவிட்டேன். நீ சொன்னால், அவளை ஏற்றுக்கொண்டாய் என்று அர்த்தம். சொல்லாவிட்டால், உனக்கு இன்னும் நான் வேண்டும் என்று அர்த்தம். முப்பத்தொரு திருத்தத்தோடு தாள் வந்தபோது முதலில் ஐந்தாம் நாளைத்தான் புரட்டிப் பார்த்தேன். வெள்ளையாக இருந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதை எழுதக் கை கூசுகிறது.

அறைகளைப் பதிவு செய்தபோது அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அக்கரை ஊர் விடுதிக்கும் 'சரி' என்று சொன்னது நான்.

உன் கடிதத்துக்கு அப்புறம் சுவரில் இருக்கும் அந்தத் தாளை ஒரு நாள்கூடப் பார்த்துத் தாங்க முடியவில்லை. நேற்று வேலையிலிருந்து வந்ததும் சொல்லிவிட்டேன். அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"அஞ்சாம் நாள் படகு கிடையாது" என்றேன்.

"ஐயோ, அப்படியா? அக்கா பாத்தாங்களே!"

"பாத்தா. அவளுக்குத் தெரியும்."

குழாயை மூடினாள். "உனக்கு?"

"தெரியும்."

"எப்பலேருந்து?"

"நீ காட்டின அன்னைக்கே."

கையைத் துடைத்துக்கொண்டாள். ஒவ்வொரு விரலாக, நிதானமாக. நோயாளிகளின் கையைப் பிடிப்பதுபோல் தன் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு சொன்னாள்: "படகுத்துறையில நான் முட்டாளா நிக்கறதைப் பாக்கறதுக்கு ரெண்டு பேரும் ஆளுக்கொரு டிக்கெட் எடுத்து வெச்சிருந்தீங்க. இல்ல?"

சுவரிலிருந்த தாள்களை ஒவ்வொன்றாக, டேப் சுவர்ச் சுண்ணாம்பைப் பிய்க்காமல் பார்த்து எடுத்தாள். இப்போது அவள் அறையில் இருக்கிறாள். கதவு சாத்தியிருக்கிறது. நான் சமையலறையில் இருந்து எழுதுகிறேன். ஞாயிறு அழைப்புக்கு எங்கே உட்காருவது என்று தெரியவில்லை.

காத்தாடி

*

ஆகஸ்ட் 27

காத்தாடி,

உன் கடிதம் வந்த அன்றே அவளுக்குப் போன் செய்தேன். எழுதுவது என்பது நமக்குள் இருக்கும் ஒப்பந்தம், அவளுக்கு அது பொருந்தாது. என் வாயால் சொல்ல வேண்டும் என்று இருந்தது.

எடுத்தாள். "சொல்லுங்கக்கா" என்றாள். அந்த அக்கா என்னை என்னவோ செய்தது.

"நான் வேணும்னுதான் விட்டேன்" என்றேன். "உங்க மேல தப்பு இல்ல. நீங்க என்கிட்ட நம்பிக் குடுத்தீங்க."

"காத்து எல்லாம் சொல்லிட்டா."

"மன்னிப்புக் கேக்கறேன்."

"ம்." பின்னால் அவள் கிளினிக்கில் யாரோ ஒருவர் எண்ணிக்கொண்டே காலைத் தூக்கும் சத்தம் கேட்டது, ஏழு, எட்டு, ஒன்பது. "ஒண்ணு கேக்கவா? அங்க போய் மாட்டிட்டு நின்னிருந்தா, சொல்லியிருப்பீங்களா உங்களுக்கு முன்னாடியே தெரியும்னு?"

யோசித்தேன். "மாட்டேன்" என்றேன்.

"உண்மையைச் சொன்னீங்க. நான் வரலக்கா. மூணு பேரும் போயிட்டு வாங்க."

என் இடத்தில் அவள் போகட்டும், நான் வரவில்லை என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். "நீங்க வரலன்னா காத்து வண்டியே எடுக்க மாட்டா. உங்களுக்கு அது தெரியாதா?" என்றாள். வைத்துவிட்டாள்.

நான்கு நாள் கழித்துத் திருத்திய திட்டம் வந்தது. உனக்கும் அனுப்பியிருப்பாள். ஐந்தாம் நாள் ஏரியைச் சுற்றிப் போகும் சாலை. அக்கரை விடுதிக்குப் பதில் இந்தக் கரையில் வேறு விடுதி. நீ ஒருத்தியே ஓட்ட வேண்டும் என்பதால் ஒவ்வொரு நாளிலும் தூரத்தைக் குறைத்திருக்கிறாள். 'நான்கு' என்று இருந்த இடத்தில் எல்லாம் 'மூன்று.' முன் இருக்கைப் பட்டியலில் உனக்குப் பக்கத்தில் எல்லா நாளும் என் பெயர். எதிர் மேசை அண்ணனை உரக்கப் படிக்கச் சொல்லி, இந்த முறை இரண்டு பேராகப் பார்த்தோம். ஒரு பிழையும் இல்லை. "யாருப்பா இது, நம்ம இடத்துக்கு வேலைக்கு வருவாங்களா?" என்றார் அண்ணன்.

இதையும் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றதை எழுதியதில் அர்த்தமில்லை. 'நான் வரலக்கா' என்று அவள் சொன்னபோது எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். ஒரு நொடிதான். ஆனால் அதுதான் முதலில் வந்தது.

அட்டவணை

*

அக்டோபர் 29

அட்டவணை,

நீங்கள் ஊர் போய்ச் சேர்ந்த செய்தி வந்தது. டீச்சர் முதுகு தேவலையா?

இதைப் போனில் சொல்லியிருக்கலாம். கோபம் இல்லாமல் எழுதும் முதல் கடிதம் இதுதான் என்று நினைக்கிறேன். யோசித்துப் பார்த்தால் அதுவும் நிச்சயமாகத் தெரியவில்லை.

பதினோரு நாளும் நன்றாகத்தான் இருந்தது. மரங்கள் நீ சொன்ன நிறத்தில்தான் இருந்தன. நீ ஒரு முறைகூட வழி தப்பாகச் சொல்லவில்லை. டீச்சர் பின் இருக்கையில் தனியாகக் கால் நீட்டிப் படுத்துக்கொண்டு, "ராணி மாதிரி போறேன்டி" என்றாள். ஏரிக்கரையில் வண்டியை நிறுத்திவிட்டு மூன்று பேரும் இறங்கி நின்றோம். நீ என்னைப் பார்த்தாய், நான் தண்ணீரைப் பார்த்தேன். "ஏறுங்கடி, குளிருது" என்று டீச்சர் கூப்பிட்டாள். ஏறினோம்.

சனிக்கிழமை பிசியோ வீடு மாறினாள். கிளினிக்குக்குப் பக்கத்தில் ஒரு அறை கிடைத்திருக்கிறதாம். சண்டை எதுவும் இல்லை. பெட்டிகளைக் கீழே இறக்க நான்தான் உதவினேன். மூன்று மாடி, ஆறு பெட்டி. வாசலில், "வயித்துல பாரம் விழற மாதிரி எதுவும் சுமக்காத, தையல் போட்ட இடம்" என்றாள். மூன்று வருடம் ஆகிறது, ஆறிவிட்டது என்றேன். "சரி" என்றாள். புதிய முகவரியைக் கேட்டேன், அனுப்புகிறேன் என்றாள். இன்றைக்குப் புதன். வரவில்லை.

அவள் அறைக்கு இன்னும் யாரும் குடிவரவில்லை. நான் இந்த வீட்டில் தனியாக இருக்கிறேன்.

காத்தாடி